காலிக் குழி பாத்தியா?

நல்ல சேதியை விசாரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. கெட்ட சேதி வந்தால் நாலு பேரிடம் கேட்போம், "நெஜமாவா, நெஜமாவா" என்று குடைவோம். நல்ல சேதி என்றால் நேராக வாட்ஸப் குரூப்தான். நானும் அப்படித்தான் ஒரு படம் அனுப்பினேன். அனுப்பிய விரலை அன்றைக்கே அம்மியில் வைத்து நசுக்கியிருக்க வேண்டும்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, செங்கல்பட்டு பஜாரில் நாட்டு மருந்துக் கடை. நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கேளம்பாக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். எந்த மூலிகைச் சாற்றுக்காவது வைரஸை அடக்கும் சக்தி இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அங்கே வேலை. (சேர்ந்த புதிதில் அத்தாவின் கடையைப் பற்றி "எதுக்குமே ப்ரூஃப் கிடையாது" என்று வீட்டில் நான் ஆற்றிய சொற்பொழிவுகளை எழுதினால் நீங்களே வந்து நாலு சாத்து சாத்துவீர்கள்.) அத்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். கடுக்காய், மாதுளை ஓடு, இன்னும் சிலது சேர்த்து அவரே இடித்த பொடி ஒன்று உண்டு. காய்ச்சல் என்று யார் வந்தாலும் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டே ஒரே வசனம்தான் சொல்வார்: "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணு. அப்பறமா இத குடி."

அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் சிக்குன்குனியா. அத்தாவின் பொடியையே சோதித்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடமும் சரி என்றார். அத்தாவுக்கு ஒரு ப்ரூஃப் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி. பாவம், அவர் கேட்கவே இல்லை.

சோதனை இதுதான். பணியாரச் சட்டி மாதிரி, ஆனால் பொடிப்பொடிக் குழிகளாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் உயிருள்ள செல்களை வளர்த்து, அதில் வைரஸையும் மூலிகைச் சாற்றையும் விட வேண்டும். சில நாள் கழித்து ஒரு மஞ்சள் திரவத்தை ஊற்றினால், உயிரோடு இருக்கும் செல் அதைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். வைரஸ் செல்லைக் கொன்றிருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். ஆக, வைரஸ் விட்ட குழியிலும் கத்தரிப்பூ நிறம் வந்தால் சாறு ஜெயித்தது. கூடவே ஒரு வரிசையில் செல்லே போடாமல் சாற்றையும் மஞ்சளையும் மட்டும் விட வேண்டும். சாறே தன் பாட்டுக்கு நிறத்தை மாற்றித் தொலைக்கிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்கு. அந்த வரிசைக்குக் காலிக் குழி என்று பெயர்.

எங்கள் வீட்டில் காலி என்றால் ஆகாது. நோன்புக் கஞ்சி கொண்டுபோன தூக்குச்சட்டி பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டு வாழைப்பழமாவது இல்லாமல் திரும்பி வந்ததில்லை. அவர்கள் பொங்கல் கொடுத்த பாத்திரத்தை அம்மா ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் திருப்பித் தருவார். இப்படி வளர்ந்தவள் கையில் செல் கரைசல் கொஞ்சம் மிச்சம். எதிரே ஒரு வரிசை 'பே' என்று காலியாகக் கிடக்கிறது. அந்த செல்லை வளர்க்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும், கொட்ட மனசு வருமா? அந்த வரிசையிலும் ஊற்றிவிட்டேன். (படித்த படிப்பெல்லாம் அந்த நேரம் எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். டீ குடிக்கப் போயிருந்தது.)

சாறு விட்ட குழி முழுக்கக் கத்தரிப்பூ! மைக்ராஸ்கோப்பில் ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்கலாம். நான் எங்கே பார்த்தேன், ஆடிக்கொண்டல்லவா இருந்தேன்? வெளியூரில் இருந்த மேடம் போனில், "கன்ட்ரோல் எல்லாம் சரியா?" என்று காலிக் குழி வகையறாவைக் கேட்டார். "பக்கா மேடம்" என்றேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தேன். தப்பையும் ஒழுங்காகத் திரும்பச் செய்தால் அதே பதில்தான் வரும்.

"அத்தா, உங்க பொடி ஜெயிச்சிருச்சு!" என்று தட்டின் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டேன். அத்தா அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வம் அண்ணன் தினம் கடைக்கு வந்து போகிறவர்.

"இன்னா பாய், ஊதா கலர்ல நாவப்பழம் மாரி இன்னாத்த ஒட்டிகினு கீற?"

"எம் பொண்ணு டெஸ்ட் பண்ணதுடா. வைரஸ் எல்லாம் அவுட்டு."

"அப்ப டாக்டருங்கோ எல்லாம் கடைய சாத்திகினு போவ வேண்டிதான்!"

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் கருத்தரங்கு. எனக்கும் பேச ஒரு வாய்ப்பு. அத்தாவையும் வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டை, அத்தர் மணக்க, கையில் பை நிறையப் பொட்டலத்தோடு திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசல் செக்யூரிட்டியில் ஆரம்பித்து, காபிக்கு வரிசையில் நின்ற பேராசிரியர்கள் வரைக்கும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நான் பேசினேன் பேசினேன், அப்படிப் பேசினேன். முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "நல்லா இருக்கும்மா. செல் போடாத குழியில என்ன கலர் வந்துச்சு?"

"அதுலயும் செல் போட்டுட்டேன் சார்."

"ஏம்மா?"

பொய் ஒன்றாவது வந்திருக்கக் கூடாதா? உண்மைதான் வந்தது. "காலியா விட மனசு வரல சார்."

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அத்தா இருக்கிறாரே, எல்லோரும் மகளைப் பாராட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினார். முதல் வரிசையில் அவர் ஒருவர் மட்டும், முகமெல்லாம் சிரிப்பாக. இன்றைக்கும் அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் காலிக் குழியில் வெறும் சாற்றை விட்டு மஞ்சளை ஊற்றினேன். செல் இல்லை, ஒன்றும் இல்லை, பளிச்சென்று கத்தரிப்பூ. நிறத்தை மாற்றியது கடுக்காய்தான். செல் போட்ட குழியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. நான் விட்ட சாற்றின் அளவு அப்படி; வைரஸ் விட்டுவைத்ததையும் சாறே கொன்றிருந்தது. மேடம் திட்டவில்லை. "அப்பாகிட்ட நீயே போய் சொல்லிடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே கடைக்குப் போய்ச் சொன்னேன். அத்தா பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். சட்டென்று கை நின்றது.

"அப்ப செல்வம்?"

"செல்வண்ணனுக்கு என்ன?"

"காய்ச்சல்னு முந்தாநேத்து வந்தான்மா. பொடி குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லல."

"ஏன் அத்தா? எப்பவும் சொல்வீங்களே!"

"நீதான் டெஸ்ட் பண்ணிட்டியேம்மா."

வசனத்தின் முதல் பாதியை நான்தான் அழித்திருந்தேன். எந்தப் படிப்பும் இல்லாமல் இத்தனை காலம் ஆட்களை ஒழுங்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனுஷனை, என் படிப்பு கெடுத்துவிட்டது.

அத்தாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். அவர் தொப்பி எந்தத் திருப்பத்தில் விழுந்ததோ தெரியாது. செல்வண்ணன் பாயில் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி ஓடி வந்து, "ரெண்டு நாளா பாய் குட்த்த பொடிதான் குட்சிகினு கீது. ஈறுல ரத்தம் வர்து பாய்" என்று அழுதார். அவருக்கு வந்திருந்தது சிக்குன்குனியாவே அல்ல, டெங்கு. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செல்வண்ணன் பிழைத்து எழுந்து வரும்வரை அத்தா கடையைத் திறக்கவில்லை. திறந்த அன்று, கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தை பிளேடால் தானே சுரண்டி எடுத்தார். இப்போதெல்லாம் அந்த வசனத்தின் முதல் பாதியை ரெண்டு தரம் சொல்கிறார்.

வீட்டில் அதற்கப்புறம் எந்த நல்ல சேதி வந்தாலும் ஒரே கேள்விதான். தம்பி பாஸாகிவிட்டேன் என்று குதித்தபோது, "காலிக் குழி பாத்தியா?" என்றார் அம்மா. எனக்கு மாப்பிள்ளை வந்து, தங்கமான பையன் என்று தரகர் அளந்துகொண்டிருந்தபோது, "எங்கூட்டுப் பொண்ணு மாதிரி இல்லாம காலிக் குழியெல்லாம் பாத்துட்டு சொல்லுங்க" என்றார் அத்தா. தரகர் ஒன்றும் புரியாமல், கிணறு வெட்டும் சங்கதி என்று நினைத்துக்கொண்டு போனார்.

எல்லோரையும்விட பலமாகச் சிரிக்கிறவர் செல்வண்ணன்தான். ஒவ்வொரு நோன்புக்கும் எங்கள் வீட்டுக் கஞ்சி தூக்குச்சட்டியில் அவர் வீட்டுக்குப் போகும். அவர் மனைவி பழம் போட்டுத் தருவதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் சட்டியைத் தானே எடுத்து வந்து என் முன்னால் மூடியைத் திறப்பார்.

"இன்னாம்மா, காலியா கீதா? நல்லா பாத்துக்கோ."

வீடே சிரிக்கும். நான் பார்த்துச் சொல்கிறவரை அவர் நகர மாட்டார்.

"பாத்துட்டேண்ணே" என்பேன், ஒவ்வொரு வருஷமும்.