ஓடுகிற எஞ்சினுக்குப் புதுப் பேரிங்

மனிதர்களில் முன்ஜாக்கிரதைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, கையில் குடை இருக்கும். தன் ரயிலுக்கு வெகுநேரம் முன்பே ஊத்துக்குளி ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து, தனக்குச் சம்பந்தமில்லாத ரயில்களையெல்லாம் வழியனுப்பி வைப்பார். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு, சாவிகளை யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்து, கடைசியில் அந்த இடம் தனக்கே தெரியாமல் போய், ஆளைக் கூட்டிவந்து பூட்டை உடைப்பார். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்பார். எதற்கு? அதைக் கேட்கக்கூடாது.

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த பொங்கியண்ணன் இந்த இனத்தின் மணிமகுடம். தொண்ணூறுகளில் திருப்பூர்க் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு சீமை வண்டி வாங்கியபோது அவரும் ஒரு ஜப்பான் ஜீப் வாங்கினார். பழையதுதான். பம்பாயில் யாரோ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிச் சலித்துப் போய்த் தள்ளிவிட்டது. ஆனாலும் ஏசி உண்டு, வெல்வெட் சீட் உண்டு, உள்ளே உட்கார்ந்தால் பல்லடம் ரோட்டில் குழி இருப்பதே மறந்துபோகும். எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று இறங்கிவந்துதான் பார்க்க வேண்டும், அவ்வளவு அமைதி.

அந்த அமைதிதான் பொங்கியண்ணனை உறுத்தியது. மகள் கோகிலாமணி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில். வலி எடுத்தால் வண்டியில்தான் போயாக வேண்டும். வேறு அப்பனாக இருந்தால் டீசலை நிரப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். பொங்கியண்ணன் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது வேலை வரும். நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால்? இத்தனை தூரம் ஓடிய எஞ்சினுக்குள் கிராங்க் என்கிற சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் தேயாமலா இருக்கும்? அது போனால் எஞ்சினே போய்விடும் என்று ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். பக்கத்து இலைக்காரர் பல் டாக்டர்.

ஒர்க்‌ஷாப் பசீர் அகமது எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க மொதலாளி, இது நல்லா ஓடற எஞ்சினுங்க. இதையப் பிரிச்சா எனக்குத்தான் பாவம் சேரும்."

"நல்லா இருக்கறப்ப மாத்துனாத்தான் பாய் அது முன்ஜாக்கிரதை. கெட்டதுக்கப்பறம் மாத்துனா அது வெறும் ரிப்பேரு."

இந்த இனத்துக்குத் தர்க்கத்தில் மட்டும் என்றுமே பஞ்சம் வந்ததில்லை.

பேரிங் இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. அதனாலென்ன? அவரிடம் பனியன் வாங்கும் ஹாலந்துக்காரர் அடுத்த வாரம் ஆர்டர் கொடுக்க வருகிறார். உடனே ஃபேக்ஸ் பறந்தது. பனியன் கழுத்தளவைப் பற்றி இரண்டு வரி, பேரிங்கைப் பற்றி ஒரு முழுப் பக்கம். பெட்டியில் போட்டு எடுத்து வருகிறேன் என்று அந்த நல்ல மனிதரும் பதில் அனுப்பினார்.

அது வந்த பிறகு எஞ்சினைப் பிரித்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கம் வேறு. ஆர்டர் உறுதியாகும் முன்பே நூலை வாங்கித் துணியாகப் பின்னி அடுக்கிவிடுவோம். கையெழுத்துக்குக் காத்திருந்தால் கப்பல் போய்விடும். பொங்கியண்ணன் அதிலேயே பழுத்தவர்.

"பேரிங்கு வரட்டுமுங்க, அப்பறமா பிரிச்சுக்கலாம்" என்றார் பசீர்.

"பொருள் வர்றப்ப வேலை ரெடியா இருக்கோணும் பாய். புதங்கெழமை நாள் நல்லா இருக்குது. எறக்கிப்போடுங்க."

புதன்கிழமை தேங்காய் உடைத்து எஞ்சினை இறக்கினார்கள். வெளியே வந்த பழைய பேரிங் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. பசீர் அதைத் துடைத்து நீட்டினார். பொங்கியண்ணன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? தேயறதுக்கு முன்னாடியே புடிச்சுப்போட்டம்!"

மறுநாள் ஹாலந்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. மனைவிக்குக் காய்ச்சல், அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறேன், மன்னிக்கவும். பொங்கியண்ணனுக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா இவன் பக்கத்துல உக்காந்து என்ன பண்றான்? ஊசி போடறானா?"

அன்றிலிருந்து அவர் ஒர்க்‌ஷாப்பிலேயே குடியிருந்தார். மதராசுக்குப் போன், பம்பாய்க்குப் போன், சிங்கப்பூரில் யாரோ ஒரு மச்சானின் மச்சானுக்குப் போன். வீட்டில் கோகிலாமணி, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "உனக்காகத்தான் கண்ணு, வண்டிகிட்ட இருக்கறாரு" என்று அவள் அம்மா மருதம்மாளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலி எடுத்தது. ஜீப்பின் எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் சாக்கு விரிப்பின் மேல் பல பாகங்களாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கார்கள் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. எதிர்வீட்டுத் திருமூர்த்திதான் ஓடி வந்தார். சாயப்பட்டறைக்குத் துணி மூட்டை ஏற்றிப்போகிற டெம்போ அவருடையது. அதன் ஒரு பக்கக் கதவு கயிற்றில் நின்றது. எஞ்சின் போடும் சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து இடம் மாறும். துணி மூட்டைகளைப் பிரித்து மெத்தையாகப் பரப்பி, கோகிலாமணியையும் மருதம்மாளையும் ஏற்றினார்.

போன் வந்ததும் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார் பொங்கியண்ணன். முதலில் குனிந்து டெம்போவின் எஞ்சினைத்தான் பார்த்தார்.

"ஏப்பா திருமூர்த்தி, இதுக்குக் கடைசியா எப்பப் பேரிங்கு மாத்துனே?"

திருமூர்த்தி வாயைத் திறக்குமுன் மேலேயிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, பேரிங்கு கெடக்குதுங்கப்பா. ஏறி வந்து என் கையப் புடிச்சுக்குங்க. எனக்குப் பயமா இருக்குது. புதங்கெழமையிலிருந்தே பயமாத்தான் இருக்குது."

இத்தனை நாளாக இவளுக்கு வேண்டியிருந்தது தன் கைதானா என்று பொங்கியண்ணனுக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. துணிக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து, கிரீஸ் கறை போகாத கையால் மகளின் கையைப் பிடித்தவர், ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை. டெம்போ எங்கும் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்தாள்.

அதோடு திருந்திவிட்டாரா என்கிறீர்களா? நல்ல கதை! பேத்திக்குப் பேர் வைக்கும் முன்பே, நன்றிக்கடனாகத் திருமூர்த்தியின் டெம்போ எஞ்சினைப் பிரித்துப் புதுப் பேரிங் போட்டுத் தருவதாக அறிவித்தார். திருமூர்த்தி இரண்டு நாள் வண்டியோடு மூலனூரில் மாமியார் வீட்டில் தலைமறைவாக இருந்து தப்பித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் ஜீப் இல்லை, ஹாலந்துக்காரர் இல்லை, கல்யாணப் பந்தியில் பல் டாக்டர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்ததும் இல்லை. மகனின் பரீட்சைக்கு நாலு பேனாவும் அவற்றுக்கு மாற்று ரீபிலும் தேடி நீங்கள் கடை கடையாக ஏறியபோது அவன் வீட்டில் தனியாக நகம் கடித்துக்கொண்டிருந்தானே, அது வேறு விஷயம். ஊரிலிருக்கும் அம்மா தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று டார்ச் லைட்டும் மாற்றுப் பேட்டரியும் வாங்கி அனுப்பிவிட்டு, நேரில் போக மட்டும் நேரமில்லாமல் இருக்கிறீர்களே, அதுவும் வேறு விஷயம்தான். இருக்கட்டும். சற்றுமுன் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள், "இரு, வர்றேன்" என்றீர்கள். கையில் என்ன, ஸ்பானரா?