பதினான்காவது குறை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் பேத்தியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக ‘நலம்’ என்பதைக் கை தானாகவே எழுதிவிடும். இந்த முறை டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். பதற வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொன்னால் என் மகள் பிடுங்கிக்கொண்டு பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய மூன்றுகால் செல்போன் ஸ்டாண்ட் பத்திரமாக வந்து சேர்ந்தது. கோல்ஃப் ஆட ஆரம்பித்து இரண்டு வருடமாகியும் பந்து வலது பக்கத்தை விட்டு வேறெங்கும் போக மறுத்த எனக்கு, “மாமா, நீங்க அடிக்கிறதை நீங்களே வீடியோவில பாருங்க, தப்பு எங்கேன்னு தெரிஞ்சுடும்” என்றீர்களே, அதன்படியே கொல்லைப்புறத்தில் வலை கட்டி வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் நாற்பது நிமிடம் வியர்க்க வியர்க்க அடித்ததில் ஆகாயம் மட்டும் பதிவாகியிருந்தது. இரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே மட்டும். மூன்றாம் நாள் முழு உருவமும் வந்துவிட்டது, ஆனால் நான் இடது கைக்காரனாக இருந்தேன். முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வலது தோளைத் திருத்த வேண்டிய இடத்தில் இடது தோளைத் திருத்து திருத்து என்று திருத்தி, கழுத்து பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால்கூட இரண்டு நாள் முழு உடம்போடுதான் திரும்பினேன்.

அப்புறம்தான் நீங்கள் சொன்ன ஸ்லோமோஷனைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். நான் மட்டையை வீசினால் மின்னல் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், பரண்மேலிருந்து கனமான பெட்டியை இறக்குகிற ஆள். நாக்கு வேறு வெளியே. உங்கள் அத்தை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “வயிறுதாங்க முதல்ல திரும்புது. நீங்க அது பின்னாடி போறீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் விடுவேனா? முப்பத்தொரு வருடம் பேரிங் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன். ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் முறையில் எதையும் ஓரத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், நடுவை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், குறை ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். அப்படியே ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினேன். குறை ஒன்று, தலை தூக்கல். குறை ஐந்து, முழங்கை மடங்கல். குறை ஒன்பது, நாக்கு. இதில் பெரிய தொல்லை உங்கள் அத்தைதான். நான் மட்டையை ஓங்குகிற நேரம் பார்த்து வாளியோடு பின்னால் வந்து துணி காயப்போடுவாள். “குறுக்க வராதே, படம் கெட்டுப்போகுது!” என்று கத்துவேன். “சரிங்க” என்பாள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே நீலப் போர்வையோடு வந்து நிற்பாள்.

போன மாதம் பன்னிரண்டாவது வீடியோவில் குறை பதினான்கு கிடைத்தது. ‘இடது கால் நுனி தரையை உரசுகிறது’ என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு, சரி, திருத்துவோம் என்று என் காலைப் பார்த்தேன். நான் போட்டிருந்தது ஷூ. படத்தில் உரசியது ரப்பர் செருப்பு. மாப்பிள்ளை, அது ஓரத்தில் வாளி தூக்கிப் போகிறவளின் கால். பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவள் இருந்த எல்லாவற்றிலும் அந்தக் கால் ஒழுங்காகத் தூக்கப்படாமல் இழுபட்டுக்கொண்டே போனது. சமையலறைக்கு ஓடி, “உன் காலுக்கு என்ன?” என்றேன். “இப்பவாவது பார்த்தீங்களே” என்று சிரித்தாள். என் கண்ணுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே டாக்டரிடம் வீடியோவைக் காட்டினேன். ஸ்லோமோஷனில் மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை சிரித்தார், அது என் நாக்குக்காக. இடுப்பில் ஒரு நரம்பு அழுந்துகிறதாம். “நல்ல நேரத்துல வந்துட்டீங்க. இன்னும் விட்டிருந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும். இப்போதைக்கு மாத்திரையும் பயிற்சியும் போதும்” என்றார். ஸ்கேன் எடுத்த அன்றுதான் நான் மூன்று மாதமாகக் காத்திருந்த ஓய்வுபெற்றோர் கோல்ஃப் போட்டி. ஸ்கேன் அறை வாசலில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதன் ஞாபகம்கூட வரவில்லை. இந்த வாரம் கால் நன்றாகவே தூக்கி வைக்கிறாள். நேற்று டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதனால்தான் மேலே தைரியமாக ‘நலம்’ போட்டேன்.

மாப்பிள்ளை, என் பந்து இன்னும் வலது பக்கம்தான் போகிறது. போகட்டும். நீங்கள் அந்த ஸ்டாண்டை அனுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எப்படியோ, ஒரு பரிசோதகரின் கண் வீண்போகவில்லை. மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மூவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நம்ம வாஷிங் மெஷின்லயே துணி காஞ்சுதானே வருது? அந்த ஒரு போர்வையைத்தான் தினமும் நனைச்சு நனைச்சு எடுத்துட்டு வந்தேன். கால் இழுக்குதுன்னு உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன், மூணு தடவையும் ‘ம்’னீங்க. டாக்டர்கிட்ட தனியாப் போக எனக்குப் பயம். வீடியோவில வந்தாலாவது பார்ப்பீங்கன்னுதான்.” ஆகவே மேலே நான் கண்டுபிடித்ததாக எழுதியிருப்பதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். நன்றி மட்டும் அப்படியே இருக்கட்டும். நோட்டில் பதினைந்தாவது குறையையும் எழுதிவிட்டேன்: காது.