கொட்டகையில் குடியமர்த்தப்பட்டோம்

தாயகம் திரும்பும் தமிழர்களின் நலனில் சர்க்கார் பேரக்கறை கொண்டிருந்த காலம் அது. அந்த அக்கறை தாங்கமாட்டாமல்தான் நானும் என் சம்சாரம் வேலாயியும் சிலோனிலிருந்து கப்பலேறினோம். அவள் நிறைமாசம். "புள்ள பொறக்குறதுக்குள்ள கதவு வெச்ச ஒரு காம்பரா கெடைச்சாப் போதும்" என்பாள். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் ஒரு அறையைக் காம்பரா என்போம்.

மண்டபம் முகாமில் ஒரு அதிகாரி, "குன்னூர்ல கொட்டகை போட்டிருக்கு, போய்த் தங்கிக்குங்க" என்றார்.

குன்னூரில் இறங்கி, "கொட்டகை எங்கங்க?" என்று கேட்டோம். ஊரே ஒரு பக்கமாகக் கையைக் காட்டியது. அந்தக் காலத்தில் துரைமார் ஜோடி போட்டு ஆடிய கட்டடம். பிறகு சினிமா வந்தது. வாசலில் நாகரிகமாகத் 'தியேட்டர்' என்று எழுதியிருந்தாலும் ஊர் வாயில் கொட்டகைதான். எங்கள் தோட்டத்தில் கொட்டகை என்றால் மாட்டுக்கு. உள்ளே போனால் வரிசையாக மெத்தை நாற்காலி! அடேயப்பா, இந்தியாவில் மாட்டுக்கே இத்தனை மரியாதையா என்று மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நல்ல நாற்காலியாகப் பார்த்து மூட்டையை இறக்கினேன்.

மேனேஜர் பஷீர் பாய் ஓடி வந்தார். "ஏனுங்க, இது சினிமாக் கொட்டகைங்க!"

"கொட்டகைதானே?" என்றேன். என் அறிவு அப்படி.

பாய் கோபத்தோடு போய் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆறுமுகசாமியைக் கூட்டி வந்தார். எங்களுக்காக மஞ்சூர் ரோட்டில் போட வேண்டிய கொட்டகைக்கு இன்னும் தகரமே வந்து சேரவில்லை. எங்களைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது.

"கொட்டகை இருக்குது, ஆளும் இருக்குது. மேற்படி குடும்பம் மேற்படி கொட்டகையில் குடியமர்த்தப்பட்டது. அப்புறமென்னங்க பாய்?"

"படம் ஓட்டோணுமுங்களே!"

"ஓட்டுங்க. அவங்க பாக்கட்டும்."

பார்த்தோம். எல்லா ஆட்டமும் பார்த்தோம். இடைவேளையில்தான் அடுப்பு பற்ற வைக்கலாம் என்பது பாயின் உத்தரவு. வேலாயி ஒவ்வொரு ஆட்டத்திலும் தவறாமல் அதே இடத்தில் அழுதாள். நான் வேலை தேடுவதை விட்டுவிட்டு, கதாநாயகனைப் போல முடியைத் தூக்கிச் சீவப் பழகினேன்.

ஒருநாள் கத்திச் சண்டை நடக்கும்போது அவளுக்கு வலி கண்டது. அவள் போட்ட கூச்சலுக்குத் தரை டிக்கெட்காரர்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன். முறுக்கு விற்கும் மரியம் பீவிதான் பாய்ந்து வந்து, "கூறு கெட்ட மனுசா, திரையப் பாக்காத, பொண்டாட்டியப் பாரு!" என்று என்னைத் தள்ளிவிட்டுப் பிரசவம் பார்த்தார். ஆண் பிள்ளை.

கொஞ்ச நாளில் ஆறுமுகசாமி நல்ல சேதியோடு வந்தார். எஸ்டேட்டில் காம்பரா தயாராம். கதவுகூட இருக்கிறதாம். வேலாயி அழுதேவிட்டாள். படம் ஓடாத நேரத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"மடியில யாருங்க?"

"எங்க மகனுங்க. இங்கதான் பொறந்தான்."

"அடடா! ஊடு தாயகம் திரும்பினவங்களுக்கு மட்டும்தானுங்களே. இவன் எங்கிருந்து திரும்பினான்?"

யோசித்தேன். நியாயம்தான். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இந்த ஊர்க்காரன் என்று சர்க்கார் ஒத்துக்கொண்டது இவன் ஒருவனைத்தான். அதனாலேயே இவனுக்கு இங்கே இடமில்லை.

"இதுக்கு என்னங்க வழி?"

"ஒருக்கா சிலோன் போயிட்டு, முறைப்படி திரும்பி வரட்டுங்க."

கப்பல் என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கைக்குழந்தையைத் தனியாக அனுப்ப முடியுமா? நாங்களும் கூடப் போக வேண்டியதுதான்.