தகர டப்பாவுக்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ்

இன்சூரன்ஸ் கம்பெனியின் முகத்தில் கரியைப் பூசுவது என்று வெல்டர் சபதம் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த வருஷம் காரின் பம்பர் உடைந்தது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும், பழைய பாகம் என்று சொல்லிப் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். "அரை பம்பரை மாட்டிக்கிட்டு எவனாவது வண்டி ஓட்டுவானா?" என்று அவர் கல்யாண வீட்டிலும் கேட்டார், சாவு வீட்டிலும் கேட்டார்.

இன்றைக்கு நாள் கனிந்துவிட்டது. காருக்கு வயது பதினாலு; இனி அதற்கு ஃபுல் பிரீமியம் கட்ட அவசியமில்லை. இன்று இரவோடு பாலிசி முடிகிறது. ஏஜென்ட் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் வெல்டரின் மனைவிக்குச் சொந்தத் தம்பி. அதனால் பகை வீட்டுக்குள்ளேயே காபி குடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா, நாம இடிச்ச ஆளுக்குத்தான் கம்பெனி கொடுக்கும். நம்ம வண்டிக்கு ஒண்ணும் வராது. யோசிச்சுக்குங்க."

"என்னடா யோசனை? தகர டப்பாவுக்கு எதுக்கு ஃபுல்லு?"

போன வாரம்தான் வெல்டருக்கு வலது கண்ணில் ஆபரேஷன். பதினைந்து நாள் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து வெல்டர் மச்சானை முறைத்தார். அவனுக்கு அது தெரியவில்லை.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். பதினாலு வருஷமாக அவளுக்குப் பின் சீட்டுதான். கதவைக்கூட அவரே சாத்துவார்; அவள் கை வைத்தால், "அறையாதே, கீல் போயிடும்" என்பார். ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், "தங்கம் மாதிரி வண்டி, கீறல் விழுந்தா யார் பொறுப்பு?" என்று வாயை அடைத்துவிடுவார்.

"அப்ப டப்பாதானாங்க?"

"டப்பாதான்."

"இடிச்சாலும் நஷ்டம் இல்ல?"

"நான் வெல்டர்டி. தட்டி நிமித்திட்டுப் போறேன்."

"தம்பி, நீயும் கேட்டுக்க."

அவள் கேட்ட விதம் வெல்டருக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒன்பது வருஷம் காத்திருந்த கை நிற்குமா? தேர்டு பார்ட்டியில் கையெழுத்துப் போட்டது. மச்சான் போனைத் தட்டினான். பாலிசி வந்துவிட்டது. மணி மூன்றரை.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாள்.

"எங்க போற?"

"டப்பாவை ஓட்டிப் பாக்கறேன். நஷ்டம்தான் இல்லையே."

வெல்டரிடம் ஒரு துருப்புச் சீட்டு பாக்கி இருந்தது. "லைசன்ஸ் இல்லாம ஓட்டினா இந்த இன்சூரன்சும் செல்லாதுடி. கேளு உன் தம்பிய."

அவள் சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். மூடிக்கு அடியிலிருந்து லைசன்ஸ் வந்தது. நாலு மாசப் பழசு.

"இது எப்ப?"

"பல் டாக்டர்கிட்ட போறேன்னு இருபத்தாறு தடவை போனேனே, ஒரு தடவையாவது என் வாயைத் திறந்து பாத்தீங்களா?"

வெல்டர் மச்சான் பக்கம் திரும்பினார். ஒன்பது வருஷச் சபதம் ஒரு நொடியில் இறங்கியது. "மச்சான், ஃபுல்லாவே போட்டுடு."

"தேர்டு பார்ட்டி போட்டாச்சே மாமா. இனிமே மாத்தணும்னா இன்னிக்கே வண்டியை ஆபீசுக்குக் கொண்டு போய்க் காட்டணும். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"நீ ஓட்டிட்டு வா."

"எனக்கு பைக்தான் தெரியும்."

வெல்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கறுப்புக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தாமே போய் கேட்டைத் திறந்தார்.

கேட் தூணுக்கும் காருக்கும் இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி. அவரே மூன்று தடவை உரசிய தூண். பழி தண்ணி லாரிமேல் விழுந்திருந்தது. மனைவி வண்டியை எடுத்தாள். கார் பின்னால் நகர்ந்தது. வெல்டர் ஒற்றைக் கண்ணால் இடது தூணைப் பார்த்தார், பிறகு வலது தூணை, மறுபடி இடதை. நாலு விரல் மூன்று விரலானது. மறுபடி நாலானது. கார் உரசாமல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்றது.

தூணாவது தன் பக்கம் நிற்கும் என்று நினைத்திருந்தார் போல. முன் சீட்டில் மச்சான் உட்கார்ந்துவிட்டான். வெல்டர் பின் சீட்டில் ஏறி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கதவை இழுத்துச் சாத்தினார்.

மனைவி தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"அறையாதீங்க. கீல் போயிடும்."