மாப்பிள்ளையிடம் தோற்கும் கம்ப்யூட்டர்

அருப்புக்கோட்டை,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மதன்குமார் அவர்களுக்கு, மிளகாய் வத்தல் மண்டியிலிருந்து மாமா சுப்புராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சண்முகவடிவும் சுகமாக இருக்கிறோம். கனடாக் குளிரைத் தாங்கிக்கொண்டு நீங்களும் பிருந்தாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் மதுரைக்குப் போகிற வழியில் காரியாபட்டியில் இறங்கி உங்கள் அப்பா அம்மாவைப் பார்த்தேன். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழைதான் இந்த வருஷமும் திருச்சுழிப் பக்கம் தலையைக் காட்டிவிட்டு வேறெங்கோ போய்விட்டது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிடுகிறேன், நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். ராஜபாண்டி, நம் மண்டிக் கணக்குப்பிள்ளை, இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பிவைப்பான். பிருந்தா கண்ணில் பட வேண்டாம்.

விஷயம் இதுதான். நேற்று பிருந்தா தன் அம்மாவிடம் பேசினாள். பொங்கலுக்கு வரவில்லை என்றாள். உங்கள் கம்பெனியின் போக்கர் சீட்டுப் பயிற்சி ஆட்டத்தில் பெரிய கோளாறாம். மனுஷருக்குப் பதிலாக மேஜையில் ஆடுகிற கம்ப்யூட்டர் ஆட்கள் கையில் அருமையான சீட்டை வைத்துக்கொண்டே கவிழ்த்துவிட்டு ஒதுங்குகிறார்களாம். உங்கள் மேலதிகாரி உங்கள் இடத்தில் உட்கார்ந்து, சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஆடினாராம், அவரும் ஜெயித்துக்கொண்டே இருந்தாராம். காரணம் தெரிகிறவரைக்கும் ஒருவருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்பீக்கரில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் மாப்பிள்ளை, காரணம் எனக்குத் தெரியும். காரணம் நான்தான். கல்யாணமான மறுமாதம் மதுரை ஏர்போர்ட்டில் பார்த்த பிள்ளையை இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கப்போகிறோம் என்று அவள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெத்தையை மாடியில் காயப்போட்டு, அவளுக்குப் பிடிக்குமென்று சீனிமிட்டாய்க்காரரிடம் இப்போதே சொல்லிவைத்தவனும் நான்தான். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் ஆடி மாதம் கேட்டது நினைவிருக்கும். "மாமா, எங்க ஆட்டத்தத் தமிழ்லயும் கொண்டாரோம். சீட்டே தெரியாதவங்க ஆடிப்பாத்துக் குறை சொல்லணும். நெசக் காசு கெடையாது, பொம்மக் காசுதான்" என்றீர்கள். எனக்குச் சீட்டும் தெரியாது, குறை சொல்லவும் வரும். சரி என்றேன். சனிக்கிழமைதோறும் இங்கே சாயங்காலம், உங்களுக்குக் காலை. நீங்கள் மேஜையை ஆரம்பிப்பீர்கள், பிருந்தா வருவாள், நான் வருவேன், மிச்ச இடங்களில் கம்ப்யூட்டர் ஆட்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து. நல்ல கை என்றால் காசை ஏற்றலாம், இல்லையென்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஒவ்வொரு கை முடிந்ததும் ஒரு வாத்தியார் குரல் வந்து நாம் செய்த தப்பைச் சொல்லும். நம் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஆட்களும் ஆட்டம் படிப்பார்கள் என்று பிருந்தா அன்றைக்கே சொன்னாள். "நீங்க எப்புடி ஆடுறீகளோ அப்புடியேதான்ப்பா அதுவும் கத்துக்கிடும். பாத்து ஆடுங்க" என்றாள். நான்தான் பார்த்து ஆடவில்லை.

இரண்டாவது வாரம் எனக்கு மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் சேர்ந்தன. நீங்கள் காசை ஏற்றினீர்கள். மாப்பிள்ளை கேட்கிறார், மாமனார் எப்படி இல்லையென்பது? தலைதீபாவளிக்கே நீங்கள் இங்கே இல்லை. எடுத்துவைத்த பட்டு வேட்டி பீரோவிலேயே இருக்கிறது, போட வேண்டிய மோதிரமும் அதன் மேலேயே இருக்கிறது. இந்த வீட்டில் உங்களுக்குச் செய்ய வேண்டிய எந்த மரியாதையையும் செய்ய நீங்கள் எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பொம்மைக் காசிலாவது செய்வோமே என்று சீட்டைக் கவிழ்த்தேன். அன்றிலிருந்து நீங்கள் ஏற்றுவதும் நான் கவிழ்ப்பதும் பழக்கமாகிவிட்டது. உங்கள் ஆட்டத் திறமைக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னும் ஆட்கள் வேண்டும் என்றீர்கள். பாலவனத்தத்திலிருந்து உங்கள் அத்தையின் தம்பி மாரீஸ்வரனையும் அவன் பெண்டாட்டி அனுசியாவையும் சேர்த்தேன். அத்தையும் உட்கார்ந்தாள். அவளுக்கு ராணிக்கும் ராஜாவுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஏற்றியது நீங்கள் என்று தெரிந்ததும் கவிழ்க்கத் தெரியும். "அவுக கேக்குறப்ப நம்ம எப்புடிங்க மல்லுக்கு நிக்கிறது" என்பாள். மாரீஸ்வரன் ஒரு தடவை விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஆடியிருக்கிறான். பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் விரல் பட்டு இருந்த காசையெல்லாம் போட்டுவிட்டான், போட்டதோடு உங்களை ஜெயித்தும் விட்டான். மறுநாள் கடை திறப்பதற்கு முன் ஒரு கிலோ காராச்சேவோடு வந்து நிற்கிறான். "அத்தான், வேணுமின்னு செய்யல. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாகளா? நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க" என்று கண் கலங்குகிறான். காராச்சேவை உங்கள் சார்பில் நான்தான் சாப்பிட்டேன்.

வாத்தியாரால் எனக்குப் பட்ட அவமானம் தனி. ஒரு சனிக்கிழமை மண்டியிலேயே உட்கார்ந்து ஆடும்படி ஆகிவிட்டது. திருச்சுழியிலிருந்து மிளகாய் வெள்ளாமை செய்கிற ஆண்டிச்சாமி என்கிற சம்சாரி வத்தல் மூட்டையோடு வந்து, பேசி, விலைக்கும் ஒத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நான் ஒரு நல்ல கையை உங்களுக்காகக் கவிழ்க்க, போன் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறது: "உங்கள் கை பலமானது. இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. அடுத்த முறை உறுதியாக நில்லுங்கள்." ஆண்டிச்சாமி தலையைச் சொறிந்தார். "மொதலாளி, ஒங்க போனு நல்லதத்தான சொல்லுது. நான் நிக்கிறேன்" என்று மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் விலையை ஏற்றுகிறவரைக்கும் நின்றார். ராஜபாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் வத்தல் காரத்தில் தும்முவது போல நடித்தான்.

ஆக, மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் ஆட்களுக்குக் கோளாறு எதுவும் இல்லை. மாதக்கணக்காக எங்களைப் பார்த்துப் பார்த்து, மேஜையை ஆரம்பிக்கிறவர் மாப்பிள்ளை, அவரை எதிர்த்து ஆடக் கூடாது என்று படித்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வெள்ளைக்காரர் உட்கார்ந்தாலும் அதே மரியாதை நடக்கிறது. இதை மேலதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள். அருப்புக்கோட்டையில் மாமனாரிடம் சாட்சி இருக்கிறது என்றும் சொல்லுங்கள், எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

குறைநிறைகளை எழுதி அனுப்பச் சொல்லி உங்கள் கம்பெனி கேட்டிருந்ததே, அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். கவிழ்ப்பதற்கு ஒரே பொத்தான் வைத்திருக்கிறீர்கள். சீட்டு மோசமாகி ஒதுங்குகிறவனும் மனசார விட்டுக்கொடுக்கிறவனும் ஒன்றா? 'தெரிந்தே விட்டேன்' என்று இன்னொரு பொத்தான் வேண்டும், அதை அமுக்கினால் வாத்தியார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யோசிப்பதற்கு நீங்கள் தருகிற நேரம் காணாது. எனக்கு நிறைய வேண்டும், ஒரு கைக்கே அரைமணி நேரம் கொடுத்தாலும் நான் அவசரப்பட மாட்டேன். ஒருவர் ஒதுங்கியதும் அவர் பெயர் மங்கிப்போகிறது. அது கூடாது. பிருந்தா பெயர் மங்கும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். அப்புறம் பேசுவதற்கு மேஜையில் நீங்களே எழுதிவைத்த வார்த்தைகள்தான் இருக்கின்றன. 'நல்ல ஆட்டம்', 'நன்றி', 'சீக்கிரம்'. பிருந்தா எனக்கு எப்போதும் 'சீக்கிரம்' என்பதைத்தான் அமுக்குவாள். பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றால், வாசலிலிருந்து "சீக்கிரம்ப்பா" என்பாளே, அதே வேகத்தில் வருகிறது. ஆனால் 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை வைக்காமல் ஒரு தமிழ் ஆட்டத்தை எப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அதைக் கேட்க வழியில்லாமல் 'நல்ல ஆட்டம்' என்பதை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பரிகாரமும் யோசித்துவிட்டோம். வருகிற சனிக்கிழமையிலிருந்து எல்லோரும் உங்களை ஈவு இரக்கமில்லாமல் தோற்கடிக்கப்போகிறோம். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் ஆட்கள் புத்தி திருந்த வேண்டும். மரியாதையில்லாமல் ஆடுவது எங்களுக்கு வராது என்பதால் நேற்று வீட்டில் நிஜச் சீட்டை வைத்தே பழகிப்பார்த்தோம். உங்கள் கல்யாணப் படத்தை எதிர் நாற்காலியில் நிறுத்தி, உங்களுக்கும் சீட்டுப் போட்டோம். அத்தை முதல் கையிலேயே படத்தைப் பார்த்துச் சீட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் துணிந்து ஏற்றினேன். ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் படத்தில் உங்களுக்குப் பக்கத்தில் பிருந்தா நின்றுகொண்டிருக்கிறாள், மாலை கனத்துக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டம் ஓடவில்லை. எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது மாப்பிள்ளை. வேறொன்றும் இல்லை. படத்தை மறுபடி சுவரில் மாட்டிவிட்டோம்.

சனிக்கிழமை மட்டும் நிச்சயம் தவற மாட்டேன். மாரீஸ்வரனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அவன் காராச்சேவு இல்லாமலேயே ஜெயிக்கச் சம்மதித்திருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல், கை நிறைய வேலையும் வேலைக்கு நடுவே லீவும் உள்ளவர்களாக நெடுங்காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று சொக்கலிங்கபுரம் சிவன் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறோம். அத்தை தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னாள். தலைக்குத் துணி கட்டாமல் பனியில் போக வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மரியாதைக்குக் குறை வைக்காத மாமா,
சுப்புராஜ்.

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டு, "மருவாதைன்னா எழுதியிருக்கீங்க? உள்ளத எழுதுங்க. அவுக வேலைக்கு ஒண்ணு ஆகிப்போகக் கூடாது" என்றாள். ஆகவே மேலே மரியாதை என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மேஜையை ஆரம்பித்தவரின் காசு தீர்ந்தால் மேஜையே மூடிவிடும் என்று உங்கள் ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது மாப்பிள்ளை, நீங்கள் ரொம்பச் சுமாராக ஆடுகிறீர்கள். முதல் வாரம் நான் காபியை ஆற்றிக் குடிப்பதற்குள் பிருந்தா உங்கள் காசு முழுவதையும் பிடுங்கிவிட்டாள். மேஜை மூடியது, அவளும் போய்விட்டாள். போனில் அவள் எனக்குத் தருவது "நல்லா இருக்கீங்களாப்பா, அம்மாட்டக் குடுங்க" என்பது மட்டும்தான். மேஜையில் என்றால், உங்களிடம் காசு இருக்கிறவரைக்கும் அவள் என் எதிரில் இருப்பாள். அதனால்தான் என் காசையெல்லாம் உங்கள் பக்கம் தள்ளினேன், மற்றவர்களையும் மரியாதை என்று சொல்லித் தள்ளவைத்தேன். முதலில் அந்த விதியை எடுங்கள், கம்ப்யூட்டர் ஆட்கள் பிறகு தானாகத் தேறிவிடுவார்கள். பொங்கலுக்கு வாருங்கள். இங்கே உட்கார்ந்து ஆடினால் உங்களை ஒரு கையில்கூட விடமாட்டேன். அவள் அடுப்படியில் அம்மாவிடம் வம்பளந்துகொண்டிருப்பாள், உங்கள் காசு இருந்தால் எனக்கென்ன, தீர்ந்தால் எனக்கென்ன.