காபோலிக் அண்ணையும் என் வயிற்றுக் காயமும்

கனடாவின் மொன்றியலில் கடவுளையும் கிருமியையும் ஒரே அளவு நம்பிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் காபோலிக் அண்ணை. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, இரண்டும் எங்கும் உண்டு, இரண்டையும் மறந்தவன் துலைந்தான் என்பது அவருடைய சித்தாந்தம். அவரது சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டரில் உதவியாளராக இருந்தவர். இங்கே ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை. வில்லரேப் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணிக்கு முதல் காபோலிக் சவர்க்காரம் வரும். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தூரத்தில் நின்றே கும்பிடுவார். "ஆயிரம் பேர் கை வைச்ச தண்ணி, பாதர்" என்று பாதரிடமே சொன்ன ஆள்!

இரண்டாயிரத்து மூன்று மாரியில் என் அப்பெண்டிக்ஸ் வெடித்தது. அவர் கூட்டித் துடைக்கிற வார்டிலேயே என்னைக் கிடத்தினார்கள். வெட்டிய இடம் நாலாம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சலும் வர, திறந்து கழுவினார்கள். திரும்பவும் காய்ச்சல் வந்தால் ஆள் தப்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை என் மனைவி எனக்கு ஒளித்து, காபோலிக் அண்ணையிடம் சொல்லிவிட்டாள். மனிதர் அன்றே காவலுக்கு இறங்கிவிட்டார்.

எங்கள் ஆட்களில் ஒருவன் படுத்தால் கோயில் பங்குச் சனமே திரண்டு போய்ப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் குறை. ஞாயிறு பூசை முடிய, பனிச் சேறும் ரோட்டு உப்பும் அப்பிய பூட்ஸோடு நேரே வந்து, கட்டிலில் குந்தி, காயத்தைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அந்த ஞாயிறு கதவை மறித்து நின்றார் காபோலிக் அண்ணை, கை கழுவும் மருந்துப் போத்தலோடு. கழுவாத கைக்கு அனுமதியில்லை. வரிசையில் நின்றவர்களுக்குச் சரித்திர வகுப்பு வேறு.

"அந்தக் காலத்து சர்ஜன்மார் ரத்தம் காய்ஞ்சு விறைச்ச கோட்டோடை திரிஞ்சவை. கோட்டு எவ்வளவு விறைப்போ, அவ்வளவு பெரிய டாக்டர்! பேந்து கிளாஸ்கோவிலை ஒரு டாக்டர், சாக்கடை நாத்தத்துக்கு ஊத்துற காபோலிக்கை எடுத்துப் புண்ணிலை வைச்சார். கிருமி எங்கை, காட்டு பாப்பம் எண்டு மற்றவை சிரிச்சவை. அவர் பாத்த நோயாளியள் எழும்பி நடந்து போச்சினம்!"

வரிசையின் முன்னால் நின்றவர் மன்னாரில் பிறந்த என் மாமி. கைப்பையில் பொட்டலமாக மடு மாதா கோயில் மண். பாம்புக்கடிக்கே கேட்கிற மண், மருமகனின் வயிற்றுக்குக் கேளாதா?

"காயத்திலை பூசப் போறன். விலகும்."

"அம்மா, நானும் மாதாவை நம்பிறன். தலைமாட்டிலை வையுங்கோ. புண்ணிலை வேண்டாம்."

"மாதா மாட்டுத் தொழுவத்திலை பிள்ளை பெத்தவ! அங்கை உம்மடை காபோலிக் இருந்ததே?"

காபோலிக் அண்ணை திகைத்தது அன்று ஒருநாள்தான்.

"அங்கை ஒருத்தரும் வயித்தை வெட்டேல்லையே, அம்மா."

சிரித்தால் காயம் பிய்ந்துவிடும் என்று தலையணையைக் கடித்துக்கொண்டேன். மாமி சிரிக்கவில்லை. சைகையும் நாலு பிரெஞ்சுச் சொல்லுமாக முறைப்பாடு மேற்பார்வையாளரிடம் போனது. துப்புரவுக்காரர் விருந்தாளிகளை மறிக்கக்கூடாது, இன்னொரு முறை மறித்தால் கீழே சலவைப் பகுதிக்கு மாற்றம் என்றார் அந்த மேற்பார்வையாளர் அம்மா. "மெர்சி, மடாம்" என்று நன்றி சொன்னார் இவர், மகா பணிவாக. அடுத்த ஞாயிறும் அதே கதவடி, அதே போத்தல். திங்கள் வார்டில் வேறொருவர் கூட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் திரும்பக் காய்ச்சல் வரவேயில்லை. மண்ணால்தான் என்று மாமி இன்றைக்கும் சொல்லுவார். அது தலைமாட்டிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போகிற நாள் சலவைப் பகுதியைத் தேடி இறங்கினேன். துவைத்த விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்க, நடுவில் நின்று மடித்துக்கொண்டிருந்தார்.

"சட்டையைத் தூக்கும்" என்றார்.

தூக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"காஞ்சிட்டுது."

"என்னாலை உங்கடை வேலை மாறிப் போச்சே, அண்ணை."

"அது கிடக்கட்டும் தம்பி. நீர் செத்துப் போயிடுவீர் எண்டு நான் நல்லாப் பயந்துபோனன்" என்றவர், அந்த விரிப்புக் குவியலில் அப்படியே குந்தி அழத் தொடங்கினார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்தேன்.