ஆகாயத்துக்கு ஆள் சேர்த்த கிராணி

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உமாபதிக்குப் பதினொரு குடும்பம் குறைந்தது.

மலேசியாவின் அசாம் ஜாவாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்ததே இருபத்தொன்பது குடும்பம். ஆய்வு அதிகாரி தனபாலன் கேட்டதோ நாற்பது. மின்சாரத்துக்கு இரண்டு வழி என்று அவர் விளக்கியிருந்தார். நிலத்தில் நிலக்கரி ஆலை கட்டினால் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் கிராணி வீடும் போகும், மிச்சமிருப்பவர்களுக்குப் புகையும் இருமலும். ஆகாயத்தில் தகடுகளை மிதக்கவிட்டு வெயிலைப் பிடித்தால், கரண்டை வாங்கும் கம்பிகளைக் கடலோரச் சேற்றில் நட்டுக்கொள்ளலாம். எதில் நஷ்டம் குறைவென்று மக்களே சொல்லவேண்டும். நாற்பது குடும்பம் கேட்டால் ஆகாயம், இல்லையென்றால் ஆலை.

வீடு போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுத்தெருதான். உமாபதிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பழைய பேரேட்டைப் புரட்டி, செத்துப்போன பதினொரு பேரைக் குடும்பத்துக்கு ஒருவராகப் பட்டியலில் சேர்த்துவிட்டார். மறுத்துச் சொல்ல யார் வரப்போகிறார்கள்?

தனபாலன் எல்லாரையும் நேரில் பார்க்கவேண்டும் என்றார். பகலில் வேலைக்குப் போய்விடுவார்களே என்று உமாபதி மழுப்பினார். அப்படியானால் விடியலில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டிலேயே பேர் கூப்பிட்டுவிடலாம் என்று அதிகாரி முடித்துவிட்டார்.

உமாபதி வீரனைப் பிடித்தார். பால்மரம் வெட்டும் வீரன் பல குரலில் பேசுவான். பனியில் மரங்களுக்குப் பின்னால் நின்று செத்தவர்களுக்கெல்லாம் அவன் பதில் சொல்வதாக ஏற்பாடு.

பெரட்டில் இருபத்தொன்பது குடும்பமும் ஆகாயம் என்று கைதூக்கியது. மீதிப் பெயர்களைக் கூப்பிட, பனிக்குள்ளிருந்து "இருக்கேன்யா" வந்துகொண்டேயிருந்தது. காளியண்ணனின் கட்டைக்குரல், மூன்று வருஷத்துக்கு முன் போன சின்னம்மாவின் கீச்சுக்குரல். உமாபதிக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பயல் நாடகத்தில் இருக்கவேண்டியவன்.

பின்னாலிருந்து யாரோ சட்டையை இழுத்தார்கள். சைக்கிளோடு வீரன்.

"கோவிச்சுக்காதீங்க கிராணி. டயர் பஞ்சர்லா. ஆரம்பிச்சாச்சா?"

உமாபதி வீரனையும் பனியையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். ஒன்றும் தெரியாத தனபாலனோ பனியைப் பார்த்து, ஆகாயமா நிலமா என்று கேட்டுவிட்டார்.

"நெலம்" என்றன பதினொரு குரல்களும்.

வீடு போயிற்று. பயத்தையும் மீறி உமாபதிக்கு அழுகை வந்தது.

"ஏன் இப்படிப் பண்றீங்க? இது நீங்க இருந்த லயம்தானே?"

சின்னம்மாதான் பதில் சொன்னாள்.

"லயத்த ஒங்களுக்கு விட்டுட்டுத்தான் மேல போனோம் கிராணி ஐயா. அங்கயும் தகடு போட்டா நாங்க எங்க போறது?"